பறக்கும் ரயிலை நம்பி வேளச்சேரிப் பக்கம் வீடு எடுக்கலாமா? சென்னையில் வசித்த சேலத்துக்காரர்களிடம் ஒரு கேள்வி

அம்மாபேட்டை அப்பா (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குச் சென்னையில், டைடல் பூங்காவை அடுத்துள்ள ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. அவளை விடுதியில் தங்கவைக்க எங்கள் வீட்டில் யாருக்கும் மனம் ஒப்பவில்லை. என் தாயார் தாமாகவே, "நான் போய் அவளோடு இருக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எழுபது வயது கடந்துவிட்டது, மூட்டுவலி உண்டு, ஆனாலும் கோயிலுக்கும் கடைக்கும் தானே நடந்து போய்வரும் பழக்கம் உள்ளவர்.

தரகர் மூன்று வீடுகளைக் காட்டியிருக்கிறார். முதலாவது, பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலின் பெருங்குடி நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்கிறார். வாடகையும் மற்ற இரண்டைவிடக் குறைவு. இரண்டாவது வேளச்சேரி விஜயநகருக்கு உள்ளே, ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் தளத்தில் இருக்கிறது. மூன்றாவது மடிப்பாக்கத்தில், புதுக் கட்டடம், இரண்டு படுக்கையறை, ஆனால் ரயில் நிலையத்துக்குச் செல்ல ஷேர் ஆட்டோ வேண்டும். முதல் வீட்டுக்கு உடனே முன்பணம் தரச் சொல்லித் தரகர் நெருக்குகிறார்.

மகள் அலுவலகம் முடிந்து திரும்ப இரவு எட்டரை, ஒன்பது மணி ஆகலாம். அந்த நேரத்தில் அந்த நிலையங்களில் ஒரு பெண் தனியாக இறங்கி வீட்டுக்கு நடப்பது எப்படி இருக்கும்? உயரத்தில் இருக்கும் நிலையங்களில் அம்மாவைப் போன்றவர்கள் ஏறி இறங்க முடியுமா? மழைக்காலத்தில் என்ன நிலைமை? அங்கு குடியிருந்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

சூரமங்கலம் சகோதரி (பதில்):

அண்ணா, திருமணத்துக்குப் பின் பல ஆண்டுகள் வேளச்சேரியில் குடியிருந்து, பறக்கும் ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் பெருங்குடி வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதற்குத்தான் பணம் கொடுக்கும் நிலையில் இருக்கிறீர்கள். பெருங்குடி என்றதும் எல்லோரும் பழைய மகாபலிபுரம் சாலையில் கடைகளும் அலுவலகங்களும் நெருங்கிய பெருங்குடியைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். ரயில் நிலையம் இருப்பதோ அங்கிருந்து மேற்கே நெடுந்தொலைவு தள்ளி, வேளச்சேரிக்கும் தரமணிக்கும் நடுவில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் விளிம்பில். பகலில் பார்த்தால் காற்றோட்டமாக, அமைதியாகத்தான் தெரியும். மாநகராட்சியின் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் அதே சதுப்புநிலத்தில்தான் இருக்கிறது. 2022 ஏப்ரலில் அங்கு தீப்பிடித்தபோது புகை சுற்றுவட்டாரம் முழுவதும் பல நாள் சூழ்ந்திருந்தது. கிடங்கைச் சீரமைக்கும் வேலை நடந்துவருகிறது என்பது உண்மைதான். ஆனாலும் காற்று திரும்பும் நாள்களில் என்ன வாசனை வரும் என்று அந்தத் தெருவில் குடியிருக்கும் ஒரு வீட்டுப் பெண்மணியிடம் கேட்காமல் நீங்கள் முன்பணம் தரக்கூடாது.

இரவு நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். ரயிலுக்குள் எனக்கு ஒருபோதும் பயம் இருந்ததில்லை. மகளிர் பெட்டி உண்டு, எட்டரை மணிக்கெல்லாம் அலுவலகப் பெண்கள் நிறையவே வருவார்கள். கடினமான பகுதி, ரயிலை விட்டு இறங்கியபின் நடைமேடையிலிருந்து தெருவுக்கு வரும் வழிதான். இந்த நிலையங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. ரயில் வந்து நின்றதும் ஒரு கூட்டம் இறங்கும். அந்தக் கூட்டத்தோடு நீங்களும் இறங்கிவிட்டால் ஒரு சிக்கலும் இல்லை. கைப்பேசியில் பேசிக்கொண்டோ, செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டோ இரண்டு நிமிடம் பின்தங்கினால், தூண்களுக்கு நடுவே நீங்கள் மட்டும் நடந்துகொண்டிருப்பீர்கள். நான் அன்றாடம் இறங்கிய நிலையத்தில் படிக்கட்டின் அடியில் ஒரு பூக்கார அம்மாவும் கொய்யாப்பழ வண்டிக்காரரும் இருந்தார்கள். அவர்களுடைய விளக்குத்தான் அந்த வாசலுக்கு வெளிச்சம். அவர்கள் கடையை எடுத்துக்கொண்டு போனபின் அங்கு இருட்டுத்தான். ஆகவே எந்த வாசலில் ஆட்டோக்கள் நிற்கின்றன, எந்த வாசலில் கடைகள் இரவு வரை திறந்திருக்கின்றன என்று பார்த்து, அந்த வாசல் இருக்கும் பக்கமாக வீடு எடுப்பதுதான் சரி. தரகர் காட்டும் ஐந்து நிமிட வழி பெரும்பாலும் தண்டவாளத்தின் அடியில், தூண்களை ஒட்டிப் போகும் குறுக்கு வழியாக இருக்கும். மகள் வீடு திரும்பும் நேரத்துக்கு நீங்களும் அண்ணியும் அங்கு போய் அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

பாட்டியைப் பற்றி: அவர் அன்றாடம் ரயில் ஏறப்போவதில்லை அல்லவா? அவருக்கு வேண்டியது படி இல்லாத நடை, பக்கத்தில் கோயில், மருந்துக்கடை, காய்கறி. அந்த வகையில் விஜயநகர் வீடு நல்லது. தண்டீசுவரர் கோயில் வேளச்சேரிக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த முதல் தளத்துக்கு மின்தூக்கி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி ஓய்வுபெற்ற பொறியாளர் (பதில்):

சகோதரி சொன்ன பெரிய, வெறிச்சோடிய நிலையங்கள் ஏன் அப்படி ஆயின என்பது தெரிந்தால், அங்கு எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக்கூடாது என்பதும் தெளிவாகும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பறக்கும் ரயில் 1980களில் திட்டமிடப்பட்டது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995 நவம்பரிலும், மயிலாப்பூர் வரை 1997-லும், திருவான்மியூர் வரை 2004-லும், வேளச்சேரி வரை 2007 நவம்பரிலும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய 19 கிலோமீட்டர் தடத்தை முடிக்க இத்தனை காலம் ஆயிற்று. நகருக்குள் நிலம் எடுப்பது பெரும்பாடு என்பதால் தடத்தின் பெரும்பகுதியைப் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியும், பல இடங்களில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டும் கொண்டுசென்றார்கள். நிலத்தின் செலவு மிச்சமானது. ஆனால் மக்கள் நடமாடும் கடைத்தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் இருக்கவேண்டிய நிலையங்கள், ஊரின் கொல்லைப்புறமான கால்வாய்க்கரைக்குப் போய்விட்டன. பெரும்பாலான நிலையங்களில் பேருந்தை விட்டு இறங்கி ரயிலைப் பிடிக்க ஒரு தெருவாவது நடக்கவேண்டியிருப்பதற்கு இதுவே காரணம்.

அடுத்தது அளவு. நிலையத்தின் தளங்களைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் பல அடுக்குகளாகக் கட்டினார்கள். கடைகள் எதிர்பார்த்த அளவில் வரவில்லை. கூடம் மட்டும் நின்றுவிட்டது. ஆளில்லாத கூடத்தைத் துப்புரவாகவும் வெளிச்சமாகவும் வைத்திருப்பது எந்த நிர்வாகத்துக்கும் சுமைதான். மின்தூக்கியும் நகரும் படியும் இருக்கும் நிலையங்களிலும், அவை பழுதாகும் நாளில் தரையிலிருந்து நடைமேடை வரை முழு உயரத்தையும் காலால்தான் ஏறவேண்டும். நடுவில் உட்கார இடமும் இராது. மூட்டுவலி உள்ளவரை அழைத்துச்செல்வதாக இருந்தால், ஏறுவதைவிட இறங்குவதே அவருக்குத் துன்பம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆதலால் தங்கள் தாயாருக்கு ரயிலைக் கணக்கில் சேர்க்காமலே வீட்டைத் தேர்ந்தெடுங்கள். தடத்தை மெட்ரோ நிறுவனத்தின் பொறுப்பில் கொண்டுவர மாநில அரசு பல ஆண்டுகளாக முயன்றுவந்து, 2025-இல் ரயில்வே வாரியமும் கொள்கையளவில் இசைந்திருக்கிறது. நிலையங்கள் மேம்படும் என்று நானும் உளமார நம்புகிறேன். ஆனால் வீட்டு ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு. மேம்பாடு அதற்குள் வந்துவிடும் என்று கணக்குப் போடவேண்டாம்.

மழையைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் கேட்டீர்கள். எனக்கு அதுவே முதன்மையான கேள்வியாகத் தோன்றுகிறது. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் தாழ்வான நிலப்பகுதிகள். தென்சென்னையின் ஏரிகள் பலவற்றின் உபரிநீர் அவ்வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயை அடைந்து, பின்புதான் கடலுக்குப் போகவேண்டும். சதுப்புநிலம் சுருங்கி, அதன் மேல் சாலையும் கட்டடமும் குப்பைக்கிடங்கும் வந்தபின் அந்த நீர் தங்க இடமில்லாமல் தெருக்களில் நிற்கிறது. 2022-இல் பள்ளிக்கரணைக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்னும் ராம்சர் தகுதி கிடைத்தது. எஞ்சியதைக் காக்க அது உதவும், இழந்த பரப்பைத் திருப்பித் தராது. 2015 டிசம்பரில் அப்பகுதி எப்படி மூழ்கியது என்பதை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு முன், பட்ட அனுபவத்தால் மக்கள் தம் கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவைத்தார்கள்.

ரயில்தான் உயரத்தில் ஓடுகிறதே, வெள்ளத்திலும் மகள் போய்வரலாமே என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. தண்டவாளம் உயரத்தில் இருந்தாலும் நிலையத்தின் வாசல் தரையில்தான் இருக்கிறது. வாசலுக்குப் போகும் சாலையில் இடுப்பளவு நீர் நின்றால் மேலே ரயில் ஓடி யாருக்கு என்ன பயன்? நம் சேலம் ஐந்து ரோட்டில் 2020-இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம் மேலே போகிறவருக்கு வழிவிடுவதும், அதன் அடியில் நடந்து சாலையைக் கடப்பவருக்குச் சிரமம் தீராமல் இருப்பதும் போலத்தான் இதுவும். ஆகவே விஜயநகர் வீட்டுக்குப் போகும்போது அந்தக் குடியிருப்பின் காவலாளியை அழைத்து, 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது, எத்தனை நாள் நின்றது, மின்சாரம் எப்போது திரும்பியது, கீழ்நிலைத் தொட்டிக்குள் கழிவுநீர் கலந்ததா என்று கேளுங்கள். சுவரில் வண்ணம் பூசி மறைத்திருந்தாலும், மின்மீட்டர் பெட்டியைப் பிற்பாடு உயர்த்தி மாட்டியிருக்கிறார்களா என்று பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி (பதில்):

ஐயா, ஊருக்கு வந்துபோவதைப் பற்றி யாரும் எழுதவில்லை; நான் மாதந்தோறும் வருகிறவன் என்பதால் அதை மட்டும் சொல்கிறேன்.

சேலம் ஜங்ஷனிலிருந்து சென்ட்ரல் போகும் ரயிலில் வந்தால், சென்ட்ரலுக்கு எதிரே சாலையைக் கடந்ததும் பூங்கா நகர் பறக்கும் ரயில் நிலையம். அங்கு ஏறினால் திருவான்மியூரோ வேளச்சேரியோ மாறாமல் போய்விடலாம். அதிகாலையில் பெட்டியோடு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசுவதற்கு இது எவ்வளவோ மேல். ஒருமுறைப் பயணத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய்தான். அன்றாடம் போகிறவர்கள் சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டால் இன்னும் மலிவு. அம்மாபேட்டையில் இருக்கும் தங்களுக்கு டவுன் ஸ்டேஷனில் ஆத்தூர், விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் இரவு ரயில்தான் வசதி என்றால், தாம்பரத்திலேயே இறங்கி வேளச்சேரிக்குப் பேருந்து பிடிக்கலாம். ஆத்தூர், உளுந்தூர்ப்பேட்டை வழியாக வரும் அரசுப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்தும் தாம்பரம் வழியாக வரவேண்டும்.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது ரயில் பாதை அமைக்கும் வேலைக்காக 2023 ஆகஸ்டு முதல் 2024 அக்டோபர் வரை பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்திவிட்டார்கள். சென்ட்ரலில் இறங்கியவர்கள் எல்லாம் அந்த ஓராண்டுக்கு மேல் பேருந்தில் ஏறி அவதிப்பட்டார்கள். பறக்கும் ரயில் இல்லாத நாளிலும் மகள் வேலைக்குப் போக இன்னொரு வழி இருக்கும் இடமாகப் பாருங்கள்.

அம்மாபேட்டை அப்பா (கேட்டவர்):

மூவருக்கும் மிக்க நன்றி. பெருங்குடி வீடு வேண்டாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டேன். பொறியாளர் ஐயாவிடம் ஒரு கேள்வி: மடிப்பாக்கத்துத் தரகர், பக்கத்தில் புழுதிவாக்கத்தில் நிலையம் வருகிறது, பரங்கிமலை வரை தடம் நீள்கிறது, அதனால் வாடகை ஏறப்போகிறது, இப்போதே எடுத்துவிடுங்கள் என்கிறார். அதை எவ்வளவு நம்பலாம்?

அஸ்தம்பட்டி ஓய்வுபெற்ற பொறியாளர் (பதில்):

வேளச்சேரியிலிருந்து புழுதிவாக்கம், ஆதம்பாக்கம் வழியாகப் பரங்கிமலை வரை செல்லும் அந்த 5 கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008-இல் தொடங்கியது. கடைசி அரைக் கிலோமீட்டர் அளவு நிலத்துக்கான இழப்பீட்டு வழக்கில் வேலை பல ஆண்டுகள் நின்று, தூண்கள் மட்டும் தெருக்களில் நின்றன. 2024 சனவரியில் கட்டுமானத்தின் ஒரு பகுதி சரிந்தும் விழுந்தது. பரங்கிமலையில் புறநகர் ரயிலும் மெட்ரோவும் சேர்வதால், அந்த இணைப்பு தென்சென்னைக்குப் பெரும் நன்மை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் நீங்கள் முதலீட்டுக்கு வீடு வாங்கவில்லை, வாடகைக்குப் போகிறீர்கள். நீங்கள் வீடு பார்க்கப் போகும் நாளில் அந்த நிலையத்துக்குப் போய்ப் பயணச்சீட்டு வாங்கி ரயில் ஏற முடிந்தால் அதைக் கணக்கில் சேருங்கள். முடியாவிட்டால் அப்படியொரு நிலையமே இல்லை என்று வைத்துக்கொண்டு வாடகையைப் பேசுங்கள். மேலும், உங்கள் மகளின் அலுவலகம் திருவான்மியூர்ப் பக்கம். பரங்கிமலை இணைப்பு அவருக்கு அன்றாடம் உதவப்போவதும் இல்லை.

ஏற்காடு அடிவாரம் (பதில்):

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். வேளச்சேரி, பெருங்குடி, தரமணி, திருவான்மியூர் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது நிறுத்தத்தில் இறங்கிவிடவேண்டும். வீட்டிலிருந்து வேளச்சேரி நிலையத்துக்கு நடந்து, மேலே ஏறி, ரயிலுக்குக் காத்திருந்து, மறுபடி கீழே இறங்கும் நேரத்தைக் கூட்டினால், ரயிலுக்குள் உட்கார்ந்திருக்கும் நேரம் அதில் சிறு பங்குதான். பறக்கும் ரயில் நீண்ட தொலைவு போகிறவருக்கு, அதாவது மயிலாப்பூருக்கோ கடற்கரைக்கோ அன்றாடம் போகிறவருக்கு, ஈடு இணை இல்லாத வசதி. இவ்வளவு குறுகிய தொலைவுக்கு அதை மையமாக வைத்து வீடு தேடுவது தேவையில்லை என்பது என் எண்ணம்.

அதைவிட, திருவான்மியூரிலேயே சிறிய வீடாகப் பார்த்தால் என்ன? டைடல் பூங்கா திருவான்மியூர் நிலையத்தின் எதிரிலேயே இருக்கிறது. வாடகை கூடுதல்தான்; இரண்டு படுக்கையறைக்குக் கேட்கும் தொகையில் ஒரு படுக்கையறைதான் கிடைக்கும். ஆனால் மகள் வேலைக்குப் பேருந்திலோ, முடிந்த நாளில் நடந்தோ போய்விடலாம். ஊருக்கு வரும் நாளில் மட்டும் ரயிலேறிப் பூங்கா நகருக்குச் செல்லலாம். தங்கள் தாயாருக்கு மருந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அவர் வயதுடைய பலர் மாலையில் அங்கு கூடுவார்கள். காலையில் கடற்கரைக் காற்று வேறு. புதிய ஊரில், பேத்தி வேலைக்குப் போனபின் பகல் முழுவதும் தனியாக இருக்கப்போகிறவர் அவர்தான். அவருக்குப் பேச்சுத்துணை கிடைக்கும் இடமா என்பதையும் வாடகையோடு சேர்த்து எடைபோடுங்கள்.

சூரமங்கலம் சகோதரி (பதில்):

ஏற்காடு அடிவாரம் சொல்வதை நானும் ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. திருவான்மியூரில் கோயில் பக்கம் வேறு, நிலையத்தின் பக்கம் வேறு. இரண்டுக்கும் நடுவே பாட்டியால் நடக்க முடியாத தொலைவு இருக்கிறது. பாட்டி அன்றாடம் போவது கோயிலுக்கு, மகள் அன்றாடம் போவது அலுவலகத்துக்கு. மகளுக்கு இளம் கால்கள். ஆகவே கோயில் பக்கமாகவே வீடு பாருங்கள் அண்ணா. தரைத்தளம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மழைநீர் கேள்வியை அங்கும் கேட்காமல் விடாதீர்கள்.

அம்மாபேட்டை அப்பா (கேட்டவர்):

எல்லோருக்கும் மீண்டும் நன்றி. நேற்றிரவு இந்த உரையாடல் முழுவதையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கோயில் பக்கம் என்றதும் அவர் வேறு எதையும் கேட்கவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை இரவு டவுன் ஸ்டேஷனில் எழும்பூர் ரயில் ஏறுகிறோம். சனிக்கிழமை பகலில் திருவான்மியூரில் இரண்டு வீடுகளைப் பார்த்துவிட்டு, இரவு எட்டரை மணிக்கு மகளோடு திருவான்மியூர் நிலையத்தில் ரயிலேறி வேளச்சேரியில் இறங்கி, விஜயநகர் வீடு வரை நடந்து பார்க்கப்போகிறேன். காவலாளியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டேன். பெருங்குடி வீட்டுக்கு முன்பணம் இல்லை என்று தரகரிடம் இன்று காலையே சொல்லியாகிவிட்டது. மடிப்பாக்கத்து வீட்டை நேரம் இருந்தால் ஞாயிறன்று பார்ப்போம்.